மீட்டர் படிக்க எந்த யூஎஸ்பி கேமரா?

கேள்வி, 2024 ஜனவரி 6

வீட்டு முகப்பில் இருக்கும் மின் மீட்டரைக் கேமரா வைத்துப் படித்து, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று கணக்கு வைக்கப் போகிறேன். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டுவதற்குள் ஏசியை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். கையில் ராஸ்பெரி பை 3 என்ற சிறிய கணினி ஒன்றும் ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றும் இருக்கின்றன. சிறிய யூஎஸ்பி கேமரா மாட்யூல்களில் 2, 5, 8 மெகாபிக்சல் என்று பல கிடைக்கின்றன. எண்கள் தெளிவாக விழ வேண்டுமானால் 8 மெகாபிக்சல்தான் வாங்க வேண்டும் என்கிறான் தம்பி. சரிதானா?

பதில், 2024 ஜனவரி 7, காலை

சரியில்லை. 8 வேண்டாம், 5 வேண்டாம், ஒரு மெகாபிக்சல்கூட வேண்டாம். தம்பியிடம் ஒரு ஸ்கேலைக் கொடுத்து மீட்டரின் திரையை அளக்கச் சொல்லுங்கள்.

மலிவு மாட்யூல்களில் பரவலாக வருவது கால் அங்குல வகைச் சென்சாரும் 3.6 மி.மீ. லென்ஸும். அந்தச் சென்சாரின் அகலமும் ஏறக்குறைய 3.6 மி.மீ. என்பதால் கணக்கு எளிது: எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ ஏறக்குறைய அவ்வளவு அகலம் படத்தில் விழும். 10 செ.மீ. தள்ளி வைத்தால் 10 செ.மீ. அகலம். 640க்கு 480 பிக்சல் என்ற சிறிய படமே எடுத்தாலும், அந்த அகலத்தை 640 பிக்சலில் பங்கிட்டால் ஒரு மி.மீ.க்கு 6 பிக்சலுக்கு மேல் வரும். என் வீட்டு மீட்டரில் ஓர் இலக்கத்தின் உயரம் 10 மி.மீ. ஆக, இலக்கம் ஒவ்வொன்றும் 60 பிக்சல் உயரத்தில் நிற்கும். அதை என் பாட்டி மூக்குக்கண்ணாடி இல்லாமலே படித்துவிடுவார். 640க்கு 480 என்பது 0.3 மெகாபிக்சல்.

ஊனோவைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன்: அதை அலமாரியில் வையுங்கள். யூஎஸ்பி கேமராவை அதில் செருக வழியே இல்லை. அதிலுள்ள யூஎஸ்பி துளை கணினியோடு பேசுவதற்கு மட்டும். வழி இருந்தாலும் பயனில்லை. பிக்சலுக்கு 2 பைட் வீதம் அந்தச் சிறிய படமே 6,14,400 பைட். ஊனோவின் நினைவகம் 2,048 பைட். சரியாக 300 மடங்கு.

2024 ஜனவரி 7, இரவு

காலையில் அவசரப்பட்டுவிட்டேன். 3.6 மி.மீ. லென்ஸ் வந்தால்தான் அந்தக் கணக்கு. 120 பாகை, 170 பாகை என்று பெருமையாக அச்சிட்டு விற்கும் அகலக்கோண லென்ஸை வாங்கினால் மீட்டர் ஒரு மூலையில் புளியங்கொட்டை அளவில் தெரியும். மீதி இடம் முழுக்க உங்கள் செருப்பு அலமாரி தெரியும். வாங்கும்போது மெகாபிக்சலுக்கு முன்னால் லென்ஸின் எண்ணைப் பாருங்கள். அதைவிட முக்கியம், லென்ஸ் திருகக்கூடியதா என்பது.

திருகுவது ஏன் என்றால், ஃபோகஸ் நிலையாக வைக்கப்பட்டு வரும் மாட்யூல்கள் முகம் பார்க்கச் செய்யப்பட்டவை. அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளி இருப்பது தெளிவாக இருக்கும், 10 செ.மீ.யில் எல்லாம் மங்கல். அந்த மங்கலை 8 மெகாபிக்சலில் எடுத்தால் மங்கலின் விவரம் கூடுதலாகக் கிடைக்கும், வேறொன்றும் இல்லை.

எம்12 வகை லென்ஸ் என்றால் 12 மி.மீ. விட்டத்தில் மரை வெட்டியிருக்கும், ஒரு முழுச் சுற்றுக்கு அரை மி.மீ. நகரும். தொலைதூரத்திற்கு ஃபோகஸ் ஆன 3.6 மி.மீ. லென்ஸை 10 செ.மீ.க்குக் கொண்டுவர 0.13 மி.மீ. வெளியே இழுத்தால் போதும். கால் சுற்று! இந்தக் கால் சுற்றைத் தெரிந்துகொள்வதற்குள் நான் மூன்று கேமரா வாங்கியிருந்தேன். சில மாட்யூல்களில் லென்ஸைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். குறடைப் போட்டுத் திருக வேண்டாம். முள் முனையால் பசையைச் சுற்றிலும் கீறிவிட்டு, விரலால் மெதுவாக.

2024 ஜனவரி 9

ராஸ்பெரி பைக்கென்றே நாடாக் கேபிளில் வரும் கேமரா இருக்கும்போது யூஎஸ்பி எதற்கு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்த நாடா 15, 20 செ.மீ. நீளத்தில்தான் வருகிறது. மீட்டர் முகப்பில், பை வீட்டுக்குள். பையை வெளியே வைத்தால் முதல் மழையோடு கதை முடிந்தது. யூஎஸ்பி 2.0 கேபிளை 5 மீட்டர் வரை இழுக்கலாம். வேறு காரணம் இல்லை.

டிரைவர் (கேமராவைப் பையில் இயக்கும் மென்பொருள்) தேட வேண்டுமா என்றும் கேள்வி. மாட்யூலின் விவரத்தில் யூவிசி (யூஎஸ்பி கேமராக்களுக்கான பொதுத் தரம்) என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தேட வேண்டியதில்லை. பையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸின் கருவிலேயே (கெர்னல்) 2008 முதல் அதற்கான டிரைவர் இருக்கிறது. இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்காக சோனி 2007இல் விட்ட ‘ஐ’ (கண்) என்ற பெயருள்ள கேமரா. அது யூவிசி அல்ல, ஆனால் லினக்ஸில் அதற்குத் தனி டிரைவர் உண்டு. 640க்கு 480இல் விநாடிக்கு 60 படம் தரும். பழைய பொருள் கடையில் கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். மீட்டருக்கு அல்ல, சும்மா.

2024 ஜனவரி 10

நேற்று எழுதாமல் விட்டது, என் வயிற்றெரிச்சல். 5 மெகாபிக்சல் என்று பெட்டியில் அச்சிட்ட ஒன்றை இணையத்தில் வாங்கினேன். ராஸ்பெரி பையில் செருகி, லினக்ஸில் கேமராக்களைச் சோதிக்கும் வி4எல்2 கருவியால் அது தரும் பட வகைகளையும் அளவுகளையும் பட்டியலிடச் சொன்னேன். 640க்கு 480, 320க்கு 240, 160க்கு 120. முடிந்தது பட்டியல். மீதி 4.7 மெகாபிக்சல் பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டும். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கி அதையே கணக்கில் காட்டுவது இந்த வியாபாரத்தில் பழைய பழக்கம். திருப்பி அனுப்பவில்லை. அதுவே போதும் என்று நானே மேலே எழுதியிருக்கிறேனே, எந்த முகத்தோடு அனுப்புவது?

அந்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை. படித்தால் விற்பனைப் பக்கத்தில் மறைத்தது எல்லாம் தெரியும். ஒய்யூஒய்வி என்பது சுருக்காத படம், பிக்சலுக்கு 2 பைட். யூஎஸ்பி 2.0இல் ஒரு கேமராவுக்கு அதிகபட்சம் கிடைப்பது விநாடிக்கு ஏறக்குறைய 24 மெகாபைட். 640க்கு 480 படம் விநாடிக்கு 30 என்றால் 18.4 மெகாபைட், நுழைந்துவிடும். 1280க்கு 720 அதைப்போல் சரியாக மும்மடங்கு. ஆகவே அதே 18.4இல் விநாடிக்கு 10 படம்தான். 1920க்கு 1080 என்றால் 5. ‘முழு எச்டி, 30 படம்’ என்று போட்டிருப்பது எம்ஜேபெக், அதாவது படம் ஒவ்வொன்றையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும் வழி. மீட்டருக்கு நிமிடத்திற்கு ஒரு படம் போதும் என்பதால் நமக்கு இந்தக் கவலையே இல்லை. எழுதிவிட்டேன், அழிக்க மனமில்லை.

2024 ஜனவரி 14, போகி

வீட்டில் பழைய சாமான் கழித்துக்கொண்டிருக்கிறார்கள். திரை உடைந்த மடிக்கணினி ஒன்று வாசலுக்குப் போய்விட்டது. பாதி வழியில் மறித்தேன்.

கேமரா வாங்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மடிக்கணினியின் திரைக்கு மேலே இருக்கும் கேமரா உள்ளுக்குள் ஒரு யூஎஸ்பி கருவிதான். சுண்டுவிரல் நீளப் பலகை, அதில் கண்மணி அளவு லென்ஸ். என்னுடையதில் 6 கம்பிகள்: நான்கு கேமராவுக்கு, இரண்டு மைக்குக்கு. நிறத்தை நம்பக் கூடாது. யூஎஸ்பி கேபிளில் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று ஒழுங்கு உண்டு. இங்கே எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும், அல்லது தொழிற்சாலையில் அன்று கையில் கிடைத்த நிறம்.

திருகாணித் துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் தரை (கிரவுண்ட்). மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை அதில் வைத்துக் கம்பி கம்பியாகத் தொட்டால் ஒன்றில் ‘பீப்’ கேட்கும். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகள் தரவு. பலகையில் ஆகப் பெரிய மின்தேக்கிக்கு ஓடுவது மின்சாரம். இந்தக் கடைசிக் கம்பியில்தான் ஆபத்து. பல மடிக்கணினிக் கேமராக்கள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை. யூஎஸ்பி தரும் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் ஒரு முறை சூடாகும், அடுத்த முறை இருக்காது. இரண்டு 1என்4007 டயோடுகளைத் தொடராகப் போடுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.7 வோல்ட் தின்னும், மீதி 3.6.

2024 ஜனவரி 15

இன்று ஒன்றும் நடக்கவில்லை. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்னை வைத்ததற்கு வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

2024 ஜனவரி 16

சால்டர் செய்து செருகினேன். லினக்ஸ் கருவின் பதிவேட்டில் (கெர்னல் லாக்) ‘குறைவேகக் கருவி’ என்று ஒரு வரி, அடுத்து மைனஸ் 71 என்ற பிழை, மீண்டும் மீண்டும். கேமரா செத்துவிட்டது என்று கால் மணி நேரம் துக்கம். பிறகுதான் உறைத்தது: கேமரா எப்படிக் குறைவேகக் கருவியாக இருக்கும்? விசைப்பலகையும் மவுஸும்தானே அந்த வகை. தரவுக் கம்பிகள் இரண்டில் எதில் வோல்ட் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் பை வேகத்தை முதலில் முடிவு செய்கிறது. இரண்டையும் மாற்றி ஒட்டியிருக்கிறேன். மாற்றினேன், உடனே வந்துவிட்டது. திரையில் முதலில் தெரிந்தது என் மூக்கின் உட்புறம்.

லென்ஸ் இதிலும் பசை. மேலே சொன்ன முள் வைத்தியம் செய்து, சாமணத்தால் பிடித்துத் திருகினேன். எத்தனை சுற்று என்று கேட்க வேண்டாம். இதன் மரை எம்12 அல்ல, கால் சுற்றுக் கணக்கு இதற்குப் பொருந்தாது. திரையைப் பார்த்துக்கொண்டே திருக வேண்டியதுதான்.

2024 ஜனவரி 21

டயோடு விஷயத்தில் தவறு செய்துவிட்டேன். போகியன்று எழுதியதை அப்படியே செய்தவர்கள் பொறுத்தருள்க. கேமரா படம் எடுக்கும்போது அளந்தேன், 3.6. சும்மா இருக்கும்போது அளந்தேன், 3.9. டயோடு தின்னும் வோல்ட், அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. கேமரா தூங்கும்போது ஓட்டம் குறைவு, தின்பதும் குறைவு. 3.3க்கு 3.9 என்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஏஎம்எஸ்1117 வகையில், வோல்ட்டை நிலையாக வைக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் டீ விலைக்குக் கிடைக்கிறது. அதைப் போட்டு, உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு மின்தேக்கி. டயோடுகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டேன்.

2024 ஜனவரி 28

மீட்டருக்கு எதிரே ஒரு மரச்சட்டத்தில் கேமராவை நிறுத்தியாகிவிட்டது. மீட்டரையோ சீலையோ தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள், ஒட்டுநாடாகூட வேண்டாம். ஒரு வாரத்தில் தெரிந்தவை:

கேமராவைத் திறந்ததும் வரும் முதல் சில படங்கள் இருட்டு. ஒளியைப் பழக அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். பத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பதினொன்றாவதை எடுங்கள்.

முகப்பில் குழல்விளக்கு எரிந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காரனாகவே வந்திருக்கிறது. அமைப்பில் மின்னலைவெண்ணை 50க்கு மாற்றினால் போயிற்று. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டேன், கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது.

மீட்டர் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருப்பதில்லை. யூனிட், வோல்ட், தேதி என்று வரிசையாகச் சுழல்கிறது. ஒரு படம் எடுத்தால் யூனிட் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. விநாடிக்கு ஒன்றாக 30 படம் எடுத்து, யூனிட் குறி தெரிவதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

எண்ணைப் படிக்கச் செயற்கை அறிவு எதுவும் வேண்டாம். இலக்கத்துக்கு ஏழு கோடு. ஏழு இடத்தில் கறுப்பா வெளுப்பா என்று பார்த்தால் தீர்ந்தது.

தீரவில்லை. கண்ணாடியில் பிரதிபலிப்பு விழாதிருக்க விளக்குப்பட்டையைப் பக்கவாட்டில் 45 பாகையில் வைத்தேன். விளக்குக்குப் பூச்சி வந்தது. பூச்சிக்குப் பல்லி வந்தது. புதன் இரவு பல்லியின் வால் ஓர் இலக்கத்தின் மேல்கோட்டில் கிடந்ததால் 1 ஆனது 7 ஆகிவிட்டது. ஒரே இரவில் 600 யூனிட் செலவு என்று கைப்பேசிக்குச் செய்தி. பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் உண்டு. மீட்டரில் விழுந்தால் என்ன பலன் என்று இப்போது எனக்குத் தெரியும். ‘எண் குறையக் கூடாது, நிமிடத்தில் ஒன்றுக்கு மேல் கூடக் கூடாது’ என்று இரண்டு வரி சேர்த்தேன். விளக்கையும் படம் எடுக்கும்போது மட்டும் எரியும்படி செய்துவிட்டேன்.

2024 பிப்ரவரி 4

‘நிஜமாகவே 0.3 மெகாபிக்சலில் உருப்படியாக எதுவும் செய்ய முடியுமா’ என்று தம்பி கேட்டாராம். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், கட்டடத்தின் வேறு பகுதிகளில் இருந்தவர்கள் படிகளைக் கடந்து வந்து காலிப் பானையைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று ஒரு காபிப் பானைக்கு எதிரே கேமரா வைத்தார்கள். 128க்கு 128, கறுப்பு வெள்ளை. 1993இல் அதை வலையில் ஏற்றினார்கள், 2001 வரை உலகமே பார்த்தது. தம்பி கேலி செய்யும் 0.3 மெகாபிக்சலில் அதைப்போல் 18 மடங்குக்கு மேல் பிக்சல் இருக்கிறது. காபியா, மீட்டரா என்பதுதான் வித்தியாசம்.

2024 பிப்ரவரி 11

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது.

நேற்றிரவு மின்விளக்கை அணைத்துவிட்டுக் கேமராச் சட்டத்தைச் சரிசெய்தபோது, மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது. மூன்று வாரமாக என் படம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது: ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு.

அதாவது 1 கிலோவாட் ஓடினால் மணிக்கு 3200 முறை, 1.1 விநாடிக்கு ஒருமுறை மினுங்கும். ஏசியைப் போட்டால் துடிப்பு கூடுவது கண்ணுக்கே தெரிகிறது. அதன் எதிரே ஒளி பட்டால் மின்சாரம் கடத்தும் ஓர் ஒளி டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், எண்ணுவதற்கு ஓர் ஆர்டுயினோ. 2,048 பைட்டில் ஓர் எண்ணைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஊனோவை அலமாரியில் வைக்கச் சொன்னேன் அல்லவா, எடுங்கள்.

2024 பிப்ரவரி 13

அப்படியானால் கேமரா வீணா என்று கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள். பாதி வீணில்லை. மின்வெட்டு வந்தால் ஊனோ எண்ணியதை மறந்துவிடும். உள்ளிருக்கும் நிலைநினைவகத்தில் எழுதி வைக்கலாம். ஆனால் அந்த இடம் 1,00,000 முறை எழுதுவதற்கே உத்தரவாதம். மினுக்கு ஒவ்வொன்றுக்கும் எழுதினால் 31 யூனிட்டில் காலி. யூனிட்டுக்கு ஒருமுறை எழுதினால் நம் ஆயுளுக்கும் போதும். என்னிடம் இப்போது ஊனோ எண்ணுகிறது, கேமரா காலையில் ஒரே ஒரு படம் எடுத்து ஊனோவைத் திருத்துகிறது.

புதிதாகச் செய்பவர் கேமரா இல்லாமலே செய்யலாம். ஜனவரி 6இலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மீட்டரில் விளக்கு மினுங்குகிறதா என்பது.

2024 பிப்ரவரி 25

சில்லறைக் கேள்விகளுக்கு.

இரண்டு கேமராவை ஒரே ஹப்பில் செருகினால் இரண்டாவது ‘இடமில்லை’ என்கிறதாம். நினைவட்டையைக் காலி செய்து பார்த்தாராம், பாவம். அது அட்டையின் இடமல்ல, கம்பியின் இடம். முதல் கேமரா ஓடும்போதே தன் 24 மெகாபைட்டுக்குத் துண்டு போட்டு வைத்துவிடுகிறது, பயன்படுத்தாவிட்டாலும். ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதைத் திறங்கள், மாற்றி மாற்றி.

மின்விசிறியின் இறக்கை படத்தில் வாழைப்பழம்போல் வளைகிறது என்றவருக்கு: மலிவுச் சென்சார்கள் படத்தை வரி வரியாகப் படிக்கின்றன, கீழ்வரி வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. முழுப் படத்தையும் ஒரே நொடிப்பில் பிடிக்கும் குளோபல் ஷட்டர் வகை வேண்டும்; ஓவி9281 என்ற கறுப்பு வெள்ளைச் சென்சார் உள்ள மாட்யூலைத் தேடுங்கள். விலை கூடுதல்.

2024 மார்ச் 9

இன்று மின்வாரிய ஊழியர் கணக்கெடுக்க வந்தார். டார்ச்சை அடித்துவிட்டு மரச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது என்ன சார், கேமராவா?”

“ஆமாம். மீட்டரைப் படிக்கிறது.”

“அதற்குத்தான் நான் வருகிறேனே?”

பதில் சொல்லத் தெரியவில்லை. எந்தத் திருகும் மீட்டரில் இல்லை, எல்லாம் சட்டத்தில்தான் என்று காட்டினேன். குனிந்து லென்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். என் கணக்கோடு ஒத்துப்போனது, கடைசி இலக்கம் உட்பட. மொத்தம் 487 யூனிட்.

பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். அவருக்குக் காட்டுவதற்காக நான் ஓடவிட்டிருந்த படத்தில் எண்களே இல்லை, திரை முழுக்க அவருடைய கட்டைவிரல். ஏழு கோடும் கறுப்பு என்பதால் ஒவ்வோர் இலக்கத்தையும் 8 என்று படித்திருக்கிறது. பல்லிக்காகச் சேர்த்த இரண்டு வரி அதை நிராகரித்துவிட்டது. லென்ஸைத் துடைத்துவிட்டு வந்தேன்.